மூன்றாம் நம்பர் சுருட்டு

மூன்றாம் நம்பரைக் கையில் எடுத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

மேல் இலை இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

மற்ற நான்கும் வலப்பக்கம் சுற்றியவை. போட்டிக்குச் சுருட்டு செய்த ஐந்து பேரில் இடக்கைக்காரி ஒருத்திதான். ஜெசிந்தா. அவருடைய மகள்.

யாருடையது என்று தெரியக்கூடாதென்று காகிதப் பட்டையை உரித்துவிட்டு நம்பரை மட்டும் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். என்ன பிரயோஜனம்? பெற்றவனுக்குப் பிள்ளையின் கை தெரியாதா?

அவரையும் சேர்த்து ருசி பார்ப்பவர்கள் மூன்று பேர். ஆளுக்கொரு ஜன்னல், ஆளுக்கொரு தாள். எழுதி முடிக்கும்வரை பேசக்கூடாது. வாய் கொப்பளிக்கப் பாலும் சர்க்கரையும் இல்லாத டீ.

ஜெயிக்கிற ஒரு கலவைதான் இந்த வருடம் விலை கூடின தேக்குப் பெட்டியில் போகும். செய்தவருக்குக் கலவை அறையில் நிரந்தர வேலை. மற்ற நான்கு பேரும் திரும்ப இலை பிரிக்கும் கொட்டகைக்குப் போகவேண்டியதுதான்.

அவர் நுனியை வெட்டினார். தீ நேராகப் படாமல் காட்டி, மெல்ல உருட்டிப் பற்றவைத்தார்.

முதல் பாகத்தில் வறுத்த நிலக்கடலை வாசம்.

நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தார். நினைத்த உடனே தன்மேல் சந்தேகம் வந்தது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

நடுப்பாகத்தில் காப்பிக்கொட்டை. புகையை விழுங்காமல் வாயில் வைத்திருந்து கொஞ்சம் மூக்கு வழியாக விட்டார். எரிச்சல் இல்லை. சாம்பல் ஒரு விரல்கடை நீளத்துக்கு உதிராமல் நின்றது.

எந்தச் சுருட்டின் குட்டும் கடைசிப் பாகத்தில்தான் உடையும். சூடேறிக் கசக்க ஆரம்பிக்கும். இது கசக்கவில்லை. கருப்பட்டி போல ஓர் இனிப்பு நாக்கின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தது.

முப்பது வருடத்தில் இப்படி நாலைந்து பார்த்திருப்பார்.

தொண்ணூற்று நான்கு போடலாம் என்று பேனாவைத் திறந்தார்.

எழுத வரவில்லை.

மகளுக்கு அள்ளிப் போட்டான் என்று ஊர் பேசும். ஊர் கிடக்கிறது. ராத்திரி படுக்கும்போது தனக்கே அப்படித் தோன்றினால் என்ன செய்வது?

எண்பத்தாறு என்று எழுதினார்.

வலித்தது. வலிக்கிறதென்றால் நியாயமாகத்தான் நடந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நான்காம் நம்பர் சுமார் ரகம். ஐந்தாம் நம்பர் நல்ல சுருட்டு. கடைசியில்தான் லேசாகக் கசந்தது. யார் செய்ததோ, நன்றாக இருக்கட்டும் என்று மனசாரத் தொண்ணூறு போட்டார்.

தாள்களை வாங்கி மேனேஜர் கூட்டினார். ஒரு முறை சரிபார்த்துவிட்டு வாசித்தார்.

முதல் இடம், ஐந்தாம் நம்பர். ஜெசிந்தா.

மூன்று மார்க் குறைவாக, இரண்டாவது இடம், மூன்றாம் நம்பர். இருதயராஜ்.

மேனேஜர் நம்பரை மாற்றி வாசித்துவிட்டார் என்றுதான் அவர் நினைத்தார். எழுந்து போய்த் தாளை எட்டிப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது.

இருதயராஜ் பதினேழு வருடமாக இலை பிரிக்கிறவர். கேட்டுக் கேட்டு இந்த வருடம்தான் போட்டியில் இடம் கிடைத்தது. ஜெசிந்தாவுக்காக எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகும் இருதயராஜ் தட்டிக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க என் கையக் கண்டுபிடிச்சிருவீங்கன்னு, இலையோட மத்தப் பாதியில சுத்துனேன்ப்பா."

நடுநரம்பை உரித்தால் இலை இரண்டு பாதியாகும். ஒரு பாதி வலப்பக்கம் சுற்ற வாகாக இருக்கும், மறுபாதி இடப்பக்கம். பாதியை மாற்றினால் திசையும் மாறும். இது அவருக்குத் தெரியாததா? தெரியும். மகள் என்றதும் அறிந்ததெல்லாம் மறந்துபோனது.

அப்படியானால் உன் பாதியை என்ன செய்தாய் என்று கேட்டார். வீணாய்ப் போகவேண்டாமென்று பக்கத்து மேசை இருதயராஜ் அண்ணன் வாங்கிக்கொண்டார் என்றாள். சொல்லிக்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள்.

இருதயராஜ் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

ஐந்தாம் நம்பரும் நல்ல சுருட்டுதான். இவளும் யாரையும் ஏமாற்றவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் கர்த்தரைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை.

கொஞ்ச நேரம் அப்படி இருந்தும் பார்த்தார். மகளுடைய சிரிப்பைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது.

பிறகு மேனேஜரிடம் போனார். மூன்றாம் நம்பருக்குத் தான் போட்டது தப்பு மார்க் என்றார்.

மேனேஜர் நல்ல மனுஷர். வயதானால் நாக்கு முன்னே பின்னே ஆவது சகஜம்தானே, இதையெல்லாம் பெரிதுபடுத்த வேண்டாம் என்றார்.

"நாக்கு நல்லாத்தான் சார் இருக்கு. எம் பொண்ணோடதுன்னு நெனச்சு, வேணும்னே எட்டு மார்க் குறைச்சேன்."

அறையில் எல்லோருக்கும் கேட்டது.

ஜெசிந்தா காதில் போனோடு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பக்கம் அம்மா எடுத்துவிட்டிருந்தாள். என்னடி ஆச்சு, ஜெயிச்சிட்டியா, சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.