மாமன் மடி

"கம்பியில கை பட்டுடுச்சிங்க! அய்யய்யோ, வெறுங்கையி!"

விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ்ஸில் ஏறிய வேகத்தில் கலைமதி போட்ட சத்தத்துக்கு டிரைவரே திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க். கையில் சானிடைசர் பாட்டில்.

"பட்டா பட்டுட்டுப் போவுது, கலை. தோ பாரு, நானும் புடிக்கிறேன்." அவள் புருஷன் பூவரசன் அதே கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். "ஒன்னும் ஆவல பாத்தியா? உக்காரு."

உட்கார்ந்தாள். அதுவும் பாதி சீட்டில்தான், எந்த நிமிஷமும் இறங்கி ஓடிவிடத் தயாராக.

இறங்கிவிட்டால் தீர்ந்தது கதை. திண்டிவனத்தில் பூவரசனின் தங்கை சித்ரா வீட்டில் பத்தரைக்குக் காதுகுத்து. அவள் மகள் அஸ்வினி கொரோனா காலத்தில் பிறந்தவள். ஐந்து வயசு முடிந்தும் காது மொட்டை. வகுப்பில் மற்ற பெண்கள் கம்மல் ஆட வரும்போது இவள் தலைமுடியால் காதை மூடிக்கொள்கிறாளாம். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எப்படிக் குத்துவது? மூன்று முறை நாள் குறித்தார்கள். மூன்று முறையும் விழுப்புரம் பக்கத்துக் காணை கிராமத்திலிருந்து மாமன் வீட்டார் கிளம்பவில்லை. கொரோனா ஊரை விட்டுப் போய் வருஷக்கணக்காகியும் பூவரசன் வீட்டை விட்டு மட்டும் அது போகவில்லை.

"இந்த வாட்டியும் வரலன்னா எங்கள மறந்துட்டீங்கன்னு நெனச்சிக்கிறோம் மச்சான்" என்று சித்ராவின் புருஷன் போனில் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு பூவரசனுக்குச் சுருக்கென்று தைத்திருந்தது.

பஸ் கிளம்பியது. பின் சீட்டில் ஒருவர் லொக்கு லொக்கென்று இருமினார்.

"ஏங்க, இருமறாரு! வண்டிய நிறுத்தச் சொல்லுங்க, நா எறங்கிடறேன்!"

பூவரசனுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பனியன் வேர்வையில் நனைந்தது. ஆனாலும் அவள் கையை விடவில்லை.

"டாக்டர் இன்னா சொன்னாரு? பயம் வந்தா ஓடாத, அப்பிடியே உக்காரு, அதுவா ஏறும், அதுவா எறங்கிடும்னாரில்ல? மூச்ச மெதுவா இழு. நாலு எண்ணு. ஆங், இப்ப வுடு."

"நீங்களும் இழுங்க. அப்பத்தான் நான் இழுப்பேன்."

இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள், விட்டார்கள். டிக்கெட் போட வந்த கண்டக்டர், பாவம், இவர்கள் எண்ணி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "இன்னா சார், யோகாவா? எங்க எறங்கணும்?" என்று கேட்டார்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் மெதுவானதும் ஜன்னலோரம் ஒரு கூடை ஓடி வந்தது. "மல்லாட்டை! அவிச்ச மல்லாட்டை!" பூவரசன் ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கினான்.

"அந்தம்மா வெறுங்கையால அள்ளிக் குடுத்தாங்க! எத்தினி பேரு தொட்டதோ!"

"தொட்டா இன்னா இப்ப?"

ஒன்றை உடைத்தான். தின்பதற்காகத் தன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்க வேண்டியிருந்தது. வாய்வரை போன கை அங்கேயே கொஞ்சம் நின்றது. கலைமதி கண்கொட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்டாட்டிக்கு நம்பிக்கை வரவேண்டுமே! லபக்கென்று போட்டு மென்றான்.

"தோ, உசுரோடதான் இருக்கேன். ருசியா வேற இருக்குது. நீயும் துன்னு."

கண்ணை மூடிக்கொண்டு ஒன்று தின்றாள். பிறகு இன்னொன்று. திண்டிவனம் வருவதற்குள் பொட்டலம் காலி.

பந்தல் நிறையச் சொந்தபந்தம். "மாமா வந்தாச்சி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள் அஸ்வினி. வீடியோ காலில் மட்டுமே பார்த்திருந்த மாமன் காலை அப்படியே கட்டிக்கொண்டாள்.

கலைமதி தூணோரம் ஒதுங்கி நின்றாள். "கூட்டத்தப் பாத்தாலே எனக்குக் காலு நடுங்குதுங்க. நீங்க போயி உக்காருங்க. ஒங்களப் பாத்துத்தான் எனக்குத் தகிரியம் வரணும்."

வேறு வழி? மணையில் போய் உட்கார்ந்தான். பட்டுப்பாவாடை சலசலக்க அஸ்வினி அவன் மடியில் ஏறினாள். பத்தர் ஊசியை எடுத்தார். வீல் என்று ஒரு அலறல். கண்ணீரும் மூக்கொழுகலும் மாமன் சட்டை முழுக்க. அதைக் கையாலேயே துடைத்துவிட்டு, அழுகிற குழந்தையின் கன்னத்தில் முத்தம் கொடுத்தான் பூவரசன். அவனுக்கும் அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவனுக்கே தெரியாது.

பந்தியில் முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவே, தோள் உரச உட்கார்ந்து சாப்பிட்டான். மூன்றாம் கரண்டி பாயசத்துக்கு நிமிர்ந்தவன் அப்படியே வாயைப் பிளந்தான். வடைத் தட்டோடு வந்துகொண்டிருந்தது கலைமதி! மாஸ்க்கைக் காணோம். யார் வீட்டுப் பிள்ளைக்கோ முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு, எல்லோரிடமும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள்.

"ஏய் கலை! ஒனக்குப் பயமா இல்ல?"

"எனக்கின்னா பயம்?" அவன் இலையில் இரண்டு வடையை வைத்தாள் கலைமதி. "டாக்டரு போன்ல ஒங்களுக்குச் சொன்னது ஒன்னுகூட ஒங்க மண்டையில ஏறல. அதையே எனக்குச் சொல்ல வெச்சா தன்னால ஏறிடும்னுதான் ரெண்டு மாசமா நடிச்சிக்கினு இருந்தேன். பின்ன, அஞ்சு வருசமா ஊட்டு கேட்டத் தாண்டாம உக்காந்துக்கினு இருந்தது நானா, நீங்களா?"