கொசு என்று பெயர் வாங்கிய ஈ

மலை உச்சியில் ஜில்லென்று ஓடும் ஓடையில் புழுவாக வளர்ந்த சின்ன ஈ ஒன்று, அன்று காலைதான் பழைய தோலை நுரையில் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தது. பார்க்க அச்சு அசல் கொசு மாதிரியே இருக்கும். சிறகெல்லாம் ஈரம், உடம்பெல்லாம் நடுக்கம். பக்கத்தில் ஒரு வரையாடு மேய்ந்துகொண்டிருந்தது.

“அண்ணே, சிறகு காயுற வரைக்கும் உங்க காதுல உட்கார்ந்துக்கட்டுமா?”

“கொசுவுக்கெல்லாம் இங்கே இடமில்லை” என்று ஆடு காதை உதறியது.

“நான் கடிக்க மாட்டேன் அண்ணே. கடிக்கிற வாயே எனக்குக் கிடையாது.”

“கடிக்கிறவங்க எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க.”

ஈ ஒரு கல்லின்மேல் போய் ஒடுங்கிக்கொண்டது.

சற்று நேரத்தில் பூச்சிகளை ஆராயும் இரண்டு பெண்கள் அங்கே வந்தார்கள். ஒருத்தி நுரையில் மிதந்த தோலைத் தூரிகையால் எடுத்து, உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்தாள்.

“இது கொசு இல்லை, கடிக்காத ஈ. ஆனால் இந்த மாதிரி ஒன்றை இதுவரை யாருமே எழுதி வைக்கவில்லை. புது இனம் என்றுதான் நினைக்கிறேன்” என்றாள் தோழியிடம்.

அவர்கள் போனதும் ஆடு கல்லருகே வந்தது.

“ஏன் தம்பி, இதை முதல்லயே சொல்லக் கூடாதா?” என்று காதைத் தாழ்த்திக் கொடுத்தது.

ஈ ஏறி உட்கார்ந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வழியாக வந்த இன்னொரு ஆடு, “காதுல கொசு உட்கார்ந்திருக்கே” என்றது.

“அது கொசு இல்லைப்பா. பார்த்த உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

ஈ சிறகை வெயிலில் விரித்துக்கொண்டது.