கீழ்வீட்டுப் புகார்

"உன் மேல புகார் வந்திருக்கு" என்றாள் வீட்டுக்கார அம்மா.

மேல்மாடியில் குடியிருக்கும் அந்தப் பெண் அப்போதுதான் முதுகிலிருந்து இருபது கிலோ மூட்டையை இறக்கியிருந்தாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"யார் கொடுத்தது?"

"முதல் மாடிக்காரர். காலங்காத்தால அஞ்சு மணிக்கு நீ பூட்ஸ் காலோட தடதடன்னு படி ஏறி இறங்குறியாம். தூங்க முடியலையாம்."

"அம்மா, எனக்குத் தேர்வு வருதும்மா. இன்னும் எட்டு வாரம்தான் இருக்கு."

"அதெல்லாம் சரி. புதன், ஞாயிறு ரெண்டு நாள் மட்டும் விட்டுடு. மத்த நாள் என்னவோ பண்ணிக்கோ. முடியாதுன்னா வேற வீடு பாத்துக்கோ."

கதவைச் சாத்திவிட்டு அவள் பல்லைக் கடித்தாள்.

ராணுவத்தில் லாரி ஓட்டுகிறவள். சிறப்புப் படைக்கான பத்து நாள் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தாள். நாற்பது பேர் போனால் ஐந்து பேர் தேறுவார்கள். அவள் வேலை பார்க்கும் முகாமிலிருந்து இதுவரை ஒரு பெண்கூடப் போனதில்லை.

காலையில் மூட்டையோடு நாலு மாடி. மாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டம். ஒரு நாள்கூட விட்டதில்லை.

ஆனால் ஒரு மாதமாகவே உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. நாற்பது தடவை ஏறி இறங்க முன்பு ஒரு மணி நேரம் ஆகும். இப்போது ஒன்றேகால். சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு விண்விண்ணென்று தெறித்தது.

பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் பத்து தடவை கூட்டிக்கொண்டாள்.

போதும் என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. ஒரே ஒரு அக்கா, அவளும் வெளியூரில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "சாப்பிட்டியா? சரி, குழந்தை அழுவுது, வச்சிடறேன்" என்பாள்.

அந்தப் புதன்கிழமை, படி இல்லாவிட்டால் தெரு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டுதான் படுத்தாள். கண் விழித்தபோது மணி ஏழரை. அலாரம் எப்போது அடித்தது, எப்போது அணைத்தாள், ஒன்றும் தெரியவில்லை. அலறி அடித்துக்கொண்டு வேலைக்கு ஓடினாள். மாலையிலும் ஓட மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் கொடுமை. துணி துவைத்தாள். பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டாள். அதற்குள் மணி பத்துகூட ஆகவில்லை. ஃப்ரிட்ஜ் உறுமுவது மட்டும் கேட்டது. ஓடாமல் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, இரண்டு வருஷமாக இந்த அறைக்குள் தன்னைத் தவிர யாருமே காலடி வைத்ததில்லை என்று.

எல்லாம் அந்த மனுஷனால்.

அவர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. நாற்பது வயதிருக்கும். தனிக்கட்டை. ஒருநாள் சாயங்காலம் படியில் எதிரே வந்தவர், "நல்லா இருக்கீங்களா?" என்று சிரித்தார்.

புகாரும் கொடுத்துவிட்டு நலம் வேறு விசாரிக்கிறாரா? அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறிப் போனாள்.

அதற்குப் பிறகு மற்ற ஐந்து நாட்களும், அவர் வாசலுக்கு நேரே வரும்போது மட்டும் பூட்ஸை ஓங்கி மிதித்தாள். நல்லா கேட்கட்டும்!

எட்டு வாரம் ஓடியது. தேர்வுக்குப் போனாள்.

ஆறாம் நாள், முப்பது கிலோமீட்டர் நடை. ஏழு பேர் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அதில் மூன்று பேருக்குக் காலெலும்பில் விரிசல்.

டாக்டர் அவள் காலை அழுத்திப் பார்த்தார்.

"உன் எலும்பு உறுதியா இருக்கு. அவங்க மூணு பேரும் ஒரு நாள்கூட ஓய்வு எடுக்காம வந்திருக்காங்க. நீ புத்திசாலி, வாரத்துல ரெண்டு நாளாவது எடுத்திருப்ப."

"நானா எடுக்கல டாக்டர். கீழ்வீட்டுக்காரர் தொல்லை."

"அப்படின்னா அந்தத் தொல்லைக்கு நன்றி சொல்லு" என்று சிரித்தார் டாக்டர்.

நன்றியா? அவருக்கா?

பத்தாம் நாள் தேறியவர்கள் ஆறு பேர். அவள் நாலாவது.

முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கியபோது காலை ஐந்து மணி. அக்காவுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. வேறு யாரிடம் சொல்வது? போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தாள். இந்த நேரத்தில் எழுப்பிச் சொல்லுமளவுக்கு ஒருத்தரும் இல்லை.

முதல் மாடிக்கு வந்ததும் கால் தானாக நின்றது.

எழுப்பிச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரே! 'உங்க புகாரையும் மீறி ஜெயிச்சுட்டேன்'னு முகத்துக்கு நேரா சொல்லணும். இன்னிக்கு நிஜமாவே தூக்கம் கெடட்டும்.

அழைப்பு மணியை அழுத்தினாள். பதில் இல்லை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை விரலை எடுக்கவே இல்லை.

எதிர்க்கதவைத் திறந்துகொண்டு வந்தாள் வீட்டுக்கார அம்மா.

"யாரை எழுப்புற?"

"தூக்கம் கெடுதுன்னு புகார் கொடுத்தாரே, அவரைத்தான்."

"அவர் எங்க இருக்கார்? மூணு மணிக்கே பேக்கரி வேலைக்குப் போயிடுவாரே. ஆறு வருஷமா அதே ஷிப்ட்தான். வர ஒன்பது மணி ஆகும்."

அவள் விரல் மணியிலிருந்து தானாக இறங்கியது.

"அப்போ... அஞ்சு மணிக்குத் தூங்க முடியலைன்னு சொன்னது?"

அம்மா கிட்டே வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'சாயங்காலம் ஓடப் போறப்போ பாக்கறேன், அந்தப் பொண்ணு கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா நொண்டி இறங்குதும்மா, கேக்க ஆளில்ல போலிருக்கு. என்னைத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும், ரெண்டு நாளாவது தூங்கட்டும்'னாரு."