மூன்றாவது தூண்டில்

உள்ளே ஈரத் துவாயை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகுதான் கதவு திறந்தது. புகை வராமலிருக்கச் சச்சிதானந்தன் அந்தத் துவாயைக் கதவின் கீழ் இடுக்கில் செருகி வைத்திருந்தார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யூன் மாதம். வடக்கே காடுகள் எரியத் தொடங்கி ஒன்பது நாளாகியிருந்தது. சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினேழாம் மாடியிலிருந்து பார்த்தால், வானம் எது, ஏரி எது என்று தெரியவில்லை.

“அண்ணை, சனி ஞாயிறு எங்களோட ஒரு லேக்குக்கு வாங்கோவன். கிழக்கால புகை இல்லையாம். உங்கட மூச்சு இழுப்புக்கும் நல்லது.”

கேட்டவன் வாகீசன். ஐந்து மாடி கீழே குடியிருப்பவன். எலிவேற்றரில் கண்டால் தலையாட்டுவதோடு சரி, இதுவரை இந்தக் கதவைத் தட்டியதில்லை.

“மீன்பிடிக்கவோ? நான் சைவமெல்லே, தம்பி.”

“தெரியும் அண்ணை. சும்மா தூண்டிலைப் பிடிச்சுக்கொண்டு இருந்தாக் காணும்.”

சச்சிதானந்தன் ஈரத் துவாயை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். மனைவியும் மகளும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருக்க, ஐந்து வருடமாக இந்த ஒற்றை அறையில் ஒற்றைக் கோப்பையோடு இருப்பவர். பிறகு, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வாகீசனே அவரைக் கடைக்குக் கூட்டிப்போய் மீன்பிடி லைசென்ஸ் எடுப்பித்தான். கடைக்காரர் கூடவே ஒரு சின்ன விதிப்புத்தகத்தையும் கொடுத்தார். சச்சிதானந்தன் அதை மடியாமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவரை ஏன் கூப்பிட்டார்கள் என்ற உண்மை வாகீசனுக்கும் அவனுடைய கூட்டாளி றெமிஜியசுக்கும் மட்டுமே தெரியும். அடுத்த ஞாயிறு றெமிஜியசின் மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மைச் சடங்கு. விருந்துக்கு மீன் நிறைய வேண்டும். ஆனால் ஓர் ஆளுக்கு ஆறு மீன்தான் என்பது சட்டம். மூன்றாவதாக ஓர் ஆள் வந்தால் இன்னும் ஆறு. அந்த ஆள் மீன் தின்னாதவராக, பங்கு கேட்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. யோசனை வாகீசனுடையது. சொன்னபோது அது அவனுக்கே கெட்டித்தனமாகத்தான் பட்டது.

சனி காலை சச்சிதானந்தன் அயன் பண்ணிய சட்டையோடு கீழே வந்து நின்றார். நெற்றியில் திருநீறு. கையில் மூன்று பேருக்குமான இடியப்பமும் சொதியும். வழி முழுக்கக் கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏரிக்கரையில் கவிழ்த்த வாளியொன்றில் அவரை இருத்தி, மூன்றாவது தூண்டிலைக் கையில் கொடுத்தார்கள். மத்தியானம் போல்தான் வாகீசன் கவனித்தான். அவருடைய தூண்டில் முள்ளில் புழு இல்லை.

“என்ன அண்ணை, மீனுக்கும் இண்டைக்கு விரதமோ?” என்று றெமிஜியஸ் பகிடி விட்டான்.

அவர் சிரித்தார். வெறும் முள்ளை மறுபடியும் தண்ணீருக்குள் விட்டார். வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை.

“பக்கத்தில ஆக்கள் இருக்கேக்க பேசாமல் இருக்கிறது வேற மாதிரி, என்ன?” என்றார் அவர் திடீரென்று.

வாகீசன் தன் தூண்டில் நூலைச் சுற்றினான். அவருடைய இழுப்புக்காக மட்டும் கூப்பிட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தான். இந்த மனிதருக்கு விஷயம் ஒருநாளும் தெரியவரக் கூடாது.

ஞாயிறு புறப்படும் நேரத்தில் மீன்பிடிச் சோதனை அதிகாரி வந்தார். கூலரைத் திறந்து எண்ணினார். பதினெட்டு. மூன்று லைசென்சையும் வாங்கிப் பார்த்தார். கரையில் சாத்தியிருந்த மூன்றாவது தூண்டிலின் வெறும் முள்ளையும் பார்த்தார். நேரே சச்சிதானந்தனிடம் திரும்பி, இதில் உன்னுடையது எத்தனை என்று கேட்டார்.

றெமிஜியஸ் தலையைக் குனிந்துகொண்டான். வாகீசன் சச்சிதானந்தனைப் பார்த்தான். இரண்டு நாளும் ஒரு மீனைக்கூடத் தொடாத மனிதர். வாயில் பொய் வராத மனிதர்.

“சிக்ஸ்,” என்றார் சச்சிதானந்தன், கண்ணை இமைக்காமல்.

அதிகாரி லைசென்சுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். பாவம், பதினெட்டை மூன்றாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார் என்று வாகீசன் நினைத்துக்கொண்டான்.

பின்னேரம் றெமிஜியஸ் இருவரையும் வாசலில் இறக்கிவிட்டு, கூலரோடு போய்விட்டான். ரவுணில் புகை அப்படியே நின்றது. எலிவேற்றர் பன்னிரண்டாம் மாடியில் திறந்தபோது வாகீசன் இறங்கவில்லை. பதினேழுக்குக் கூடவே போனான்.

சச்சிதானந்தன் கதவைத் திறந்தார். உள்ளே துவாய் காய்ந்து விறைத்துப்போய்க் கிடந்தது. அவர் குனிந்து அதை எடுக்க, வாகீசன் வாசலிலேயே நின்றான்.

“அண்ணை, நாங்கள் உங்களைக் கூட்டிக்கொண்டு போனது இழுப்புக்காக இல்லை. அது வந்து…”

அவர் நிமிர்ந்தார். சட்டைப்பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து விரித்து அவன் முன் நீட்டினார். ஓர் ஆளுக்கு ஆறு என்ற வரியின் கீழே பென்சிலால் கோடு இழுத்திருந்தது.

“வெள்ளிக்கிழமை கடையால வந்த உடனேயே வாசிச்சிட்டன், தம்பி.”

வாகீசன் நிலத்தைப் பார்த்தான். அவர் புத்தகத்தைக் கவனமாக மூடி, மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“லைசென்ஸ் வருசம் முழுக்கச் செல்லுமாம்.”