நாலு பாளம் ஐஸ்

“யன்னலைச் சாத்து எடித், குளிர் எலும்புக்குள்ளை போகுது,” என்றாள் பக்கத்து வீட்டுப் பிரான்சிஸ்கா.

“திறந்து கிடக்கட்டும் அக்கா. வாடை அடிச்சால்தான் ஐஸ் நிக்கும்.”

பேசாலைக் கடலிலிருந்து மார்கழிக் காற்று நேரே அறைக்குள் வந்தது. கட்டிலில் எடித்தின் புருசன் யாகப்பர் பிரேதமாகக் கிடந்தார். வள்ளத்திலிருந்து தவறி விழுந்துவிட்டார் என்று சொல்லி, வள்ளமும் வலையும் வைத்து ஆட்களைத் தொழிலுக்கு விடும் சம்மாட்டி அமிர்தநாயகத்தின் ஆட்கள் நேற்றுத் தூக்கிவந்து கிடத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

கொழும்பிலுள்ள மகன் முகம் பார்க்கவேண்டும் என்று எடித் சம்மாட்டியின் காலில் விழுந்தாள். ஊரே பார்த்து நின்றதால், மீனுக்கு வைத்திருந்த ஐஸில் நாலு பாளம் கொடுத்தார். எடித் தானே ரயில் ஸ்டேசனுக்கு ஓடிப்போய்த் தந்தி அடித்தாள்.

ஆனால் வெள்ளைக்காரன் போட்ட தண்டவாளத்தை முருங்கன் பக்கம் வெள்ளம் அரித்துவிட்டது. ரயிலும் இல்லை, புது ஐஸும் இல்லை. கட்டிலுக்குக் கீழே மரத்தூளுக்குள் பாளங்கள் உருகிக்கொண்டிருந்தன. வெயில் ஏறினால் யன்னலைச் சாத்துவாள். வெயில் சாய்ந்தால் திறப்பாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

“குளிப்பாட்டி வெள்ளை உடுப்பாவது போடுவம்.”

“ஒருத்தரும் தொடவேண்டாம், அக்கா. மகன் வரட்டும்.”

மூன்றாம் நாள் காலை காற்று விழுந்துவிட்டது. கடைசிப் பாளம் உள்ளங்கை அளவுக்குச் சிறுத்திருந்தது. எடித் ஓலை விசிறியால் வீசி வீசிக் கை மரத்துப்போயிருந்தாள்.

சம்மாட்டி வாசலில் வந்து நின்றார். “வைச்சிருந்தது காணும் எடித். பிரேதம் பழுதாகுது. குழி வெட்டியாச்சு, பங்குச் சுவாமியும் வந்திட்டார். தூக்குவம்.”

“இன்னும் கொஞ்ச நேரம், சம்மாட்டியார்...” என்று கும்பிட்டாள். நாலுபேர் கட்டிலடியில் குனிந்தார்கள். தடுக்க அவளிடம் தெம்பில்லை.

அந்நேரம் ஒழுங்கையில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது.

“ரயில் ஓடிட்டுது! மகன் வந்திட்டான்!” என்று கத்தினாள் பிரான்சிஸ்கா.

இறங்கியவர்கள் இரண்டு பொலிஸ்காரரும், கறுப்புப் பையோடு ஒரு டாக்குத்தரும்.

“மன்னார் டாக்குத்தர் லீவு. அநுராதபுரத்திலையிருந்து நான் வாறன், வெள்ளத்திலை பிந்திப்போச்சு,” என்றார் அவர். “பிரேதத்தை ஒருத்தரும் தொடேல்லைத்தானே?”

சம்மாட்டியின் முகம் வெளுத்தது. “எடித், மகன் எங்கை?”

“தந்தி மகனுக்கில்லை, சம்மாட்டியார். உங்கட ஆக்கள் இவரை அடிச்சுச் சாக்காட்டினதெண்டு மன்னார்க் கோட்டு நீதவானுக்கு அடிச்சனான்.”