மருந்து போகும் வழி

லேசாகத்தான் வலிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மாதாமாதம் வருகிற வயிற்றுவலி மாதிரி, ஒரே நிமிடம்.

யாருக்கு வருகிற வலி என்று சொல்லவில்லை.

எக்ஸ்ரே மேசை சில்லென்று இருந்தது. முழங்கால்களை மடக்கி அகட்டி வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். டாக்டரம்மா உள்ளே மெல்லிய குழாயைச் செருகி மருந்தைச் செலுத்த ஆரம்பித்தார். அது கருக்குழாயில் ஓடி அந்தப் பக்கம் வழிந்தால் குழந்தைக்கு வழி இருக்கிறது. நின்றுவிட்டால் இல்லை.

அவள் கத்தினாள்.

இவ்வளவு சத்தம் தனக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது. கதவுக்கு வெளியே கணவன் உட்கார்ந்திருப்பதுகூட மறந்துபோனது.

தலைமாட்டில் ஆயா செபஸ்தியம்மாள் நின்றாள். காலையிலிருந்து இதே கூச்சல்களைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு எரிச்சல்.

"இதுக்கே இந்தக் கத்து கத்துனா, புள்ள பெக்கும்போது என்ன பண்ணுவ நீயி?"

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

திட்டுதான். ஆனால் அவளுக்கு உறைக்கவில்லை. கல்யாணமாகி ஏழு வருடம். மாமியார் குழந்தைப் பேச்சையே விட்டுவிட்டாள். பெற்ற தாய் கோயில் கோயிலாக அலைகிறாள். இவள் பெறுவாள் என்று சந்தேகமே இல்லாமல் ஒரு மனுஷி பேசி இப்போதுதான் கேட்கிறாள்.

அழுகை வந்தது. அந்த மேசையில், அந்தக் கோலத்தில், அப்படி ஒரு சந்தோஷம்.

டாக்டரம்மா கையை நிறுத்தினார். திரையைப் பார்த்தார். அவள் கண்ணீரைப் பார்த்தார். நல்ல மனுஷி, குரலைத் தணித்துத்தான் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் அழுத்திச் செலுத்தணும்மா. வழி தெறந்திருந்தா பொதுவா இவ்வளவு வலிக்காது. அடைப்பு இருந்தா இப்படி வலிக்கும். தாங்க முடியலன்னா சொல்லு. நிறுத்திட்டு, இன்னொரு நாள் மயக்க ஊசி போட்டுப் பாத்துக்கலாம்."

ஊசி போட்டுக்கொண்டால் ஒன்றுமே தெரியாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சொன்னால் அடைப்பு என்று ஆகிவிடும். தன் வாயால் அதை ஆக்கமாட்டாள்.

"வலிக்கல டாக்டர்."

மருந்து மறுபடி ஏறியது.

கைக்கு அகப்பட்டதைப் பற்றிக்கொண்டாள். அகப்பட்டது செபஸ்தியம்மாளின் மணிக்கட்டு.

சத்தமே வரவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், வெகுநேரம்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

வாயைத் திறந்தால் கத்திவிடுவாள். திறக்கவில்லை.

செபஸ்தியம்மாள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். நகங்கள் இறங்கிய இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வலிக்கலையாம் டாக்டரம்மா," என்றாள். "கொஞ்சங்கூட வலிக்கலையாம்."