சின்னுசாமி கேட்ட சலுகை

பேத்தியைப் பார்த்துக்கொள்ள நாளொன்றுக்குக் கட்டணம் நூற்றைம்பது ரூபாய். பல்கலைக்கழகக் குழந்தைக் காப்பகத்தில், பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு பேரம் பேசினார் சின்னுசாமி.

"நூத்தம்பதுக்கு அம்பது கோழி நாளெல்லாம் தின்னுமுங்க அம்மணி."

"மாணவர் குடும்பத்துக்குப் பாதிதான்," என்றார் பொறுப்பாளர் ஜெர்லின்.

"அதையே போடுங்க. இங்க இடமில்லீன்னா படிப்பையே உடோணும்."

"மாணவர் அட்டையோட குழந்தையின் அம்மாவை வரச் சொல்லுங்க."

"எம்மருமக கோழிப்பண்ணையில முட்டை லோடு ஏத்தறா."

ஜெர்லின் கொதித்தார். "படிக்கிற பொண்ணையா லோடு ஏத்த விட்டுட்டு வந்தீங்க?"

சின்னுசாமி தம் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். எம்.ஏ. பொருளாதாரம், முதலாமாண்டு.

"பண்ணையை அவகிட்டக் குடுத்துட்டேன். படிக்கறது நானுங்க. கிளாஸுக்கு நேரமாச்சு!"

மருமகள் பண்ணையில், பேத்தி பாதிக் கட்டணத்தில் காப்பகத்தில், தாத்தா வகுப்பில். கணக்கு நேராயிற்று.